ஐம்பத்தாறு காலிப் பைகள்

பெவர்லிக்குத் தைராய்டு வந்தது முப்பத்திரண்டாவது வயதில். அதற்கு வெகு காலம் முன்பே அவளுக்கு வேறொரு வியாதி இருந்தது. அதற்கு எந்தக் கிளினிக்கிலும் மருந்து கிடையாது. எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்டுவிடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் மணமக்களுக்கு நடத்தும் வகுப்பில் மற்ற ஜோடிகள் எல்லாம் சமர்த்தாகத் தலையாட்டிக்கொண்டிருக்க, இவள் மட்டும் மோதிரத்தை ஏன் அந்த விரலில் போட வேண்டும் என்று ஃபாதரைக் கேட்டு, வகுப்பை இருபது நிமிடம் நீட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளிஃபர்ட் அன்றைக்கே பயந்திருக்க வேண்டும். அவனோ பெருமைப்பட்டான். காதலிக்கிறவனுக்குப் புத்தி அவ்வளவுதான்.

பசாரில் முட்டைக்காரனிடம் தட்டுக்கு ஏன் முப்பது முட்டை, ஏன் இருபத்தைந்து இல்லை என்று கேட்டாள். அவன் பாவம், முப்பது வருடமாக முட்டை விற்றும் அதை யோசித்ததில்லை. அடுத்த வாரம் இவள் தலை தெரிந்ததும் உள்ளே போய் மனைவியை அனுப்பினான்.

ஆனால் பீச் ஸ்ட்ரீட்டில் இவள் வேலை பார்க்கும் கம்பெனியில் இந்த வியாதிக்குத்தான் சம்பளம். அது கப்பலுக்குச் சரக்கு ஏற்பாடு செய்யும் கம்பெனி. பழைய கட்டடம், இரண்டாம் மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. பெவர்லியின் மேசைக்கு வருவது ஆபத்துச் சரக்கின் தாள்கள் மட்டும்: பெயின்ட், பேட்டரி, பூச்சிமருந்து, அமிலம். எது எதோடு ஒரே கொண்டேனர் பெட்டியில் போகலாம், எது போகக் கூடாது என்று பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். பதினோரு வருடமாக அவள் செய்து வந்த வேலை, சுருக்கமாகச் சொன்னால், சாமான்களைப் பிரித்து வைப்பது.

இத்தனை கேட்கிறவள் ஒரே ஒரு கேள்வியை மட்டும் மூன்று வருடமாக யாரிடமும் கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவள் முதல்முறை கர்ப்பமானாள். தைராய்டு மாத்திரை அப்போதே இருந்தது. எழுந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும், போட்ட பிறகு அரை மணி நேரம் தே, கோப்பி கூடக் குடிக்கக் கூடாது. ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடுகிறவளுக்கு அந்த அரை மணி நேரம் பெரிய தொந்தரவாக இருந்தது. உடம்பும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் விட்டாள், பிறகு இரண்டு நாள் விட்டாள், கடைசியில் மூன்று வாரம் சேர்ந்தாற்போல விட்டாள். கிளிஃபர்ட் குளியலறையிலிருந்து, "மாத்திரை போட்டாச்சா பெவ்?" என்று குரல் கொடுப்பான். "போட்டாச்சு லா!" என்பாள். ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியில், இப்படி நடப்பதுண்டு, மனசை விடாதீர்கள் என்றார்கள். ஏன் நடந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். அதற்குப் பிறகு ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிடவில்லை. அதனால் அந்தக் கேள்வி ஒன்றும் சின்னதாகிவிடவில்லை.

முப்பத்தாறு வயதில் மறுபடி கர்ப்பமானாள். அரசாங்கக் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டிய ஆள் என்று அர்த்தம். தைராய்டு ஒரு காரணம். இன்னொன்று ரத்தம். குறைந்தது பதினொன்று இருக்க வேண்டிய ரத்த அளவு ஒன்பதரைக்குக் கீழே இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். கூடவே ஃபோலிக், வைட்டமின். கவுன்டரில் போய் மருந்தை வாங்கி வந்தவன் கிளிஃபர்ட். அன்றைக்கு அவன் முகத்தில் ஒரு தீர்மானம் தெரிந்தது.

கிளிஃபர்ட் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கிட்டிங் பகுதிக்குத் தலைவன். ஒரு போர்டு செய்ய என்னென்ன வேண்டுமோ, திருகாணி முதல் சிப் வரை, அத்தனையையும் எண்ணி ஒரே பையில் போட்டு, லேபிள் ஒட்டி, லைனுக்கு அனுப்புவதுதான் அங்கே வேலை. பையில் ஒன்று குறைந்தால் போர்டு ஓடாது. பதினைந்து வருடமாக அவன் பையில் ஒன்றும் குறைந்ததில்லை. அதாவது, மனைவி பிழைப்பது பிரிப்பதில், கணவன் பிழைப்பது சேர்ப்பதில். இந்த வீட்டில் சண்டை வராமலிருந்ததே ஆச்சரியம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டத்தோ கிராமாட் ஃப்ளாட்டுக்குத் திரும்பியதும் கிளிஃபர்ட் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, எதை எடுத்தாலும் ரெண்டு வெள்ளி என்கிற கடையில் வாங்கிய சின்ன ஜிப் பைகள் ஏழை வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றிலும் தேதி எழுதினான். தைராய்டு ஒன்று, இரும்பு ஒன்று, ஃபோலிக் ஒன்று, வைட்டமின் ஒன்று. நாலையும் போட்டு மூடினான். கிளினிக் கொடுத்த உறைகளைக் குப்பையில் போட்டான்.

"தினம் ஒரு பை. எழுந்ததும் வெறும் வயித்துல. ஒண்ணும் விட்டுப்போவாது," என்றான்.

முட்டைத் தட்டைக் கூட விட்டு வைக்காதவள் இதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டாள். காரணம் இருந்தது. மூன்று வருடமாக மாத்திரை என்றாலே அவளுக்கு நெஞ்சு குறுகும். இப்போது அந்தப் பொறுப்பை இன்னொருவன் வாங்கிக்கொண்டான். காலை ஆறு மணிக்கு அவன் ஒரு கையில் பையும் இன்னொரு கையில் தண்ணீருமாக வந்து நிற்பான். அவள் நாலையும் ஒரே மடக்கில் விழுங்குவாள். அவன் காலிப் பையைக் காலணி வாங்கிய ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போடுவான். அவளுக்கு அது பெரிய நிம்மதி.

நிம்மதி நாலு வாரம்தான் இருந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் என்ற எண் ஏறியிருந்தது. அது என்ன எண், ஏன் ஏறும் என்று பெவர்லி கேட்டுத் தெரிந்துகொண்டாள். உடம்பில் தைராய்டு போதவில்லை என்றால் மூளை அந்தச் சுரப்பியை அதட்டுமாம். அந்த அதட்டலின் அளவுதான் டிஎஸ்எச். எண் கூடினால் தைராய்டு குறைகிறது என்று அர்த்தம். பிள்ளைக்குத் தன் சுரப்பி வேலை செய்யத் தொடங்கும்வரை தைராய்டு அம்மாவிடமிருந்துதான் போக வேண்டும். மூளை வளர்ச்சிக்கே அது தேவை. இதைக் கேட்ட பிறகு அவளுக்கு ராத்தூக்கம் குறைந்தது. கர்ப்பத்தில் தேவை கூடும் என்று டாக்டர் ஷரீஃபா மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த நாலு வாரத்தில் எண் இறங்கவில்லை, இன்னும் ஏறியது. ரத்தமும் ஏறவில்லை.

மிஸி நோர்மா அந்தக் கிளினிக்கில் இருபது வருடமாக நர்ஸாக இருக்கிறவர். ஆயிரம் கர்ப்பிணிகளின் ஆயிரம் பொய்களையும் கேட்டவர். எண்ணைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், மரியாதையாகப் புவான் என்று அழைத்து மலாயில் மெதுவாகக் கேட்டார்.

"புவான், உண்மையைச் சொல்லுங்க. மருந்து சாப்பிடுறீங்களா, இல்லையா? நான் திட்ட மாட்டேன். மறைக்காதீங்க, அவ்வளவுதான்."

பெவர்லிக்கு முகம் சுட்டது. இந்தத் தடவை அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் கேள்வி போன தடவைக்கானது போலவே வந்து விழுந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் கிளிஃபர்ட் எழுந்து வெளியே போனான். வாசலில் நிறுத்தியிருந்த காடியிலிருந்து சப்பாத்துப் பெட்டியை எடுத்து வந்து, மிஸியின் மேசையில் கவிழ்த்தான். தேதி போட்ட காலிப் பைகள் கொட்டின.

"ஐம்பத்தாறு பை மிஸி. எண்ணிப் பாருங்க. என் கண் முன்னாலதான் சாப்பிடுறா."

நோர்மா நிஜமாகவே எண்ணினார். ஐம்பத்தாறு இருந்தது. அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பைக்குள் என்னென்ன இருந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கூட இருந்த பெவர்லிக்குக் கூடத் தோன்றவில்லை என்றால் மிஸியைக் குறை சொல்லி என்ன பயன்? டாக்டர் மறுபடி அளவைக் கூட்டி, ஒரு மாதத்தில் வரச் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கிளிஃபர்ட் பொருமினான். "அவங்க என்ன நெனச்சிக்கிட்டாங்க? உன்னப் போயி பொய் சொல்றவன்னு..."

"விடு கிளிஃப்," என்றாள் பெவர்லி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் நம்பிக்கை அவளை நோர்மாவின் சந்தேகத்தைவிட அதிகமாக வதைத்தது.

ஆனால் அழுதுகொண்டே இருக்க அவளுக்கு வராது. இரண்டு நாளில் பழைய வியாதி தலைதூக்கியது. ஒரு மாத்திரை கேட்கவில்லை என்றால் உடம்பைக் குறை சொல்லலாம். தைராய்டு மாத்திரையும் கேட்கவில்லை, ரத்த மாத்திரையும் கேட்கவில்லை. ஏன் இரண்டும்? மூன்று வருடம் ஒழுங்காக இருந்த எண், சரியாக இந்த இரண்டு மாதத்தில் ஏன் ஏறியது? கர்ப்பம்தான் காரணம் என்றால், அளவைக் கூட்டியும் ஏன் அசையவில்லை? ஆபீஸ் நாள்காட்டியின் பின்பக்கத்தில் தேதிகளை எழுதிப் பார்த்தாள். எண் நன்றாக இருந்த கடைசிப் பரிசோதனைக்கும் மோசமான முதல் பரிசோதனைக்கும் நடுவில் ஏதோ ஒன்று நுழைந்திருந்தது. அது எது என்று பிடிபடவில்லை.

பிடிபட்டது ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். முஸ்தஃபா என்ற ஏஜென்ட் ஒரு தாள் அனுப்பியிருந்தான். நீச்சல் குளத்துக்குப் போடும் குளோரின் தூளும், தரை கழுவும் அமிலமும், ஒரே கொண்டேனரில். பெவர்லி அதை நிறுத்தி வைத்தாள். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"என்னக்கா நீங்க, ஒண்ணு தூளு, ஒண்ணு தண்ணி. ரெண்டும் நல்லா சீல் பண்ணியிருக்கு. ஒரே பாக்ஸ்ல போட்டா செலவு மிச்சம் லா."

"முஸ்தஃபா, தனித்தனியா இருந்தா ரெண்டும் நல்ல பிள்ளைங்கதான். சேர்த்து வெச்சா விஷப்புகை வரும். தூளுல தப்பு இல்ல, தண்ணியில தப்பு இல்ல. சேர்த்து வெச்சதுதான் தப்பு. பிரிச்சு அனுப்பு."

போனை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எதிர் மேசைக்காரி, "என்ன பெவ், பாப்பா உதைக்குதா?" என்று கேட்டாள். பெவர்லிக்குக் காதில் விழவில்லை. தினமும் ஊரார் சாமானைப் பிரித்து வைக்கிறவள், தன் வயிற்றுக்குள் நாலு சாமானை ஒன்றாக ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்தத் தாளை யாரும் அவள் மேசைக்கு அனுப்பவில்லை.

மறுநாள் காலையில் அன்றைய பையை விழுங்கிவிட்டு, அரை நாள் லீவு போட்டு, சனிக்கிழமைக்கான பையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளினிக்குக்குப் போனாள். மருந்துக் கவுன்டரில் இருந்தது ரூபினி, படிப்பை முடித்து இரண்டு வருடம் ஆன சின்னப் பெண். பெவர்லி பையை நீட்டினாள்.

"இதை அப்படியே ஒண்ணா முழுங்கலாமா?"

ரூபினி பையைப் பிரித்து மாத்திரைகளைத் தட்டில் கொட்டினாள். சின்னக் கரண்டியால் ஒன்றை மட்டும் தட்டின் மறுகோடிக்குத் தள்ளினாள்.

"இது இரும்பு. இது தைராய்டுகூட சேரவே கூடாதுக்கா. வயித்துக்குள்ளேயே அதைப் பிடிச்சிக்கும். ரெண்டும் ஒட்டிக்கிட்டு அப்படியே வெளிய போயிரும். ரத்தத்துக்குப் போற அளவு ரொம்பக் குறைஞ்சிரும்."

"எவ்வளவு நேரம் தள்ளிப் போடணும்?"

"நாலு மணி நேரம்."

"ஏன் நாலு? ரெண்டு போதாதா?"

ரூபினி சிரித்தாள். இப்படிக் கேட்கிற ஆள் அவளுக்கு வாய்த்ததில்லை போலும். "முதல் மாத்திரை குடலைத் தாண்டி உள்ள போறதுக்கு டைம் குடுக்கணும்லா. நாலுன்னா பத்திரம்."

"தே?"

"தேயும் கோப்பியும் இரும்பைப் பிடிச்சி நிறுத்திரும். எத்தனை மணிக்குத் தே குடிக்கிறீங்க?"

"மாத்திரை போட்டு அரை மணி நேரத்துல."

"அதான் ரத்தமும் ஏறல. ஆரஞ்சு ஜூஸ், எலுமிச்சை ஜூஸ்கூட போடுங்க, நல்லா ஏறும். பால், கால்சியம் எல்லாம் தள்ளி வெச்சிக்குங்க. அதுங்களும் இரும்புக்கு ஆகாது."

ஒவ்வொரு பதிலுக்கும் பெவர்லிக்கு உள்ளே ஏதோ பளிச்சென்றது. சந்தோஷமாகக் கூட இருந்தது. அதுதான் அவளுடைய லட்சணம். தன் தலையே உருள்கிறது என்றாலும் அது எப்படி உருள்கிறது என்று பார்ப்பாள். பிறகுதான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பாப்பாவுக்கு ஏதாவது ஆயிருக்குமா?"

"இப்பவாவது கண்டுபிடிச்சீங்களே. நான் டாக்டர்கிட்ட பேசுறேன். இனிமே மருந்து ஒழுங்கா ஏறும், அதனால அளவையும் அவங்க பாத்துக்கணும்," என்ற ரூபினி, புருவத்தைச் சுருக்கினாள். "யாருக்கா சேர்த்துப் போடச் சொன்னது? கவுன்டர்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லித்தானே குடுக்கிறேன்."

"நான்தான். சோம்பேறித்தனம்," என்றாள் பெவர்லி.

டாக்டர் ஷரீஃபா புத்தகத்தில் இரும்பு தனியே என்று கிறுக்கினார். கிளிஃபர்டுக்கு அந்தப் புத்தகத்தில் எண்கள் மட்டும்தான் கண்ணில் படும். டாக்டர் கையெழுத்தை அவன் ஓர் அலங்காரமாகவே பார்த்தான்.

அவனிடம் அவள் சொல்லவில்லை. சொல்ல நினைத்துத்தான் வீட்டுக்குப் போனாள். அவன் ஞாயிற்றுக்கிழமை பைகளை எண்ணும்போது நாக்கு நுனி வெளியே தெரியும். பள்ளிப் பிள்ளை பரீட்சை எழுதுவதுபோல அத்தனை கவனம். அதைப் பார்த்ததும் வார்த்தை திரும்பிப் போனது. உன் பையால்தான் பிள்ளைக்குத் தைராய்டு போகவில்லை என்று எப்படிச் சொல்வது? அதோடு அவளுக்குச் சொந்தக் காரணமும் ஒன்று இருந்தது. மாத்திரையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அது போன தடவையில் போய் நிற்கும். அங்கே போக அவளுக்குத் தைரியம் இல்லை.

ஆகவே திருட்டுத்தனம் தொடங்கியது. காலை ஆறு மணிக்குப் பையைக் கையில் கொட்டிக்கொண்டு, மூன்றை வாயில் போடுவாள். பழுப்பு நிற இரும்பு மாத்திரை விரலிடுக்கில் தங்கி, கைக்குட்டைக்குப் போய், ஆபீஸ் மேசையில் பதினோரு மணிக்கு எலுமிச்சை ஜூஸோடு உள்ளே போகும். முப்பத்தாறு வயதில், கட்டிய புருஷனுக்கு முன்னால், மந்திரவாதி போல மாத்திரை ஒளிக்கும் நிலைமை அவளுக்கே சில நாள் சிரிப்பாக வந்தது. தேயையும் மத்தியானத்துக்குப் பிறகு தள்ளினாள். ருசி பிடிக்கவில்லை என்று சொல்லிவைத்தாள்.

ஐந்து வாரம் கழித்து எண் இறங்கியது. இரண்டரைக்கும் கீழே வந்துவிட்டது. ரத்தம் பத்தரையைத் தொட்டது. மிஸி நோர்மா புத்தகத்தை இரண்டு தடவை பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கிளிஃபர்டுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பார்த்தியா? பை வேலை செய்யுது. கொஞ்சம் டைம் எடுத்துச்சு, அவ்வளவுதான்."

பெவர்லி தலையாட்டினாள். இத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

முடியவில்லை. கிளிஃபர்டின் தங்கை நடாஷா கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில் இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுக்குத் தைராய்டு இல்லை, ஆனால் ரத்தம் ரொம்பக் குறைவு. பிரசவத்தில் ரத்தம் போனால் தாங்காது என்று அங்கே டாக்டர் பயமுறுத்தியிருந்தார். இரும்பும் கால்சியமும் கொடுத்திருந்தார்கள். அந்த ஞாயிறு மத்தியானம் கிளிஃபர்ட் ஃபெரி ஏறிப் போய் அவள் மருந்தையெல்லாம் வாங்கி வந்துவிட்டான். மேசையைத் துடைத்தான். பைகளை வரிசையாக வைத்தான்.

"நடாஷா சுத்த மறதிக்காரி. நீ வேணா பாரு, உனக்கு இறங்குன மாதிரி அவளுக்கும் சரியாயிரும்."

இரும்பு ஒன்று, கால்சியம் ஒன்று, முதல் பை மூடியது. இரண்டாவது பை மூடியது. பெவர்லி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டில் மறைத்துச் சமாளித்தாயிற்று. நடாஷாவுக்கு யார் கைக்குட்டை பிடிப்பது? மூன்றாவது பைக்கு அவன் கை நீண்டபோது அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கிளிஃப், அது ரெண்டும் சேரக் கூடாது. கால்சியம் இரும்பை ஏற விடாது. அவளுக்கு ரத்தம் ஊறாது."

"யாரு சொன்னா?"

"ரூபினி. கிளினிக் பார்மசில."

"எப்போ?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முஸ்தஃபாவின் தாள், சனிக்கிழமைப் பை, நாலு மணி நேரம், கைக்குட்டை. அவள் முடித்த பிறகு மூடிய இரண்டு பைகளையும் திறந்து, மாத்திரைகளை மேசையில் கொட்டினான்.

"அப்ப ஏத்துனதும் என் பைதான். இறங்குனது நீ பண்ணது."

"உனக்குத் தெரியாதுல்ல."

"கவுன்டர்ல அந்தப் பொண்ணு ஏதோ சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. நான் மாத்திரைய எண்ணிக்கிட்டிருந்தேன்." அவன் இரும்பையும் கால்சியத்தையும் விரலால் பிரித்து ஒதுக்கினான். "ஆறு வாரமா தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லல நீ. எங்க லைன்ல தப்பா போட்டவன யாரும் திட்ட மாட்டாங்க பெவ். பார்த்துட்டு சொல்லாம விட்டவனத்தான் ஆபீசுக்குக் கூப்பிடுவாங்க."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பாள். அவன் அழுகிற மாதிரி இருந்தான். பெவர்லிக்கு மூன்று வருடம் ஒரே மூச்சில் தொண்டைக்கு வந்தது.

"அப்ப என்னை ரெண்டு தடவ கூப்பிடணும். போன தடவ நான் மாத்திரை போடவே இல்ல கிளிஃப். மூணு வாரம். நீ கேக்கும்போதெல்லாம் போட்டேன்னு பொய் சொன்னேன்."

மேசையில் இருந்த மாத்திரைகளை அவன் ஒன்று ஒன்றாக உறைக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரில உன் ஐசி கார்டு கேட்டாங்க. உன் கைப்பையில தேடினேன். மூணு அட்டை மாத்திரை, பிரிக்காம அப்படியே இருந்துச்சு."

பெவர்லிக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். மூன்று வருடம் இவள் ஒளித்து ஒளித்துச் செத்திருக்கிறாள், இவன் எல்லாம் தெரிந்துகொண்டு எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டிருக்கிறான். "ஏன் கேக்கல? வாயில என்ன இருந்துச்சு உனக்கு?" என்று கத்தினாள்.

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா, அப்புறம் உன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது? உன்ன வெறுத்துருவேனோன்னு பயம் எனக்கு." அவன் உறையை மடித்தான். "இந்தத் தடவ நானே போட்டுக் குடுத்துட்டா கேக்கவே வேண்டாம்னு நெனச்சேன்."

அன்று இருவரும் நிறைய அழுதார்கள், கொஞ்சம் சண்டையும் போட்டார்கள். சாயங்காலம் போனில் நடாஷாவைப் பிடித்து, மருந்து மறுநாளே திரும்பி வரும் என்று சொல்லிவிட்டு, எதை எப்போது போட வேண்டும் என்று கிளிஃபர்ட் மூன்று தடவை சொன்னான். அவள், "அண்ணே, எனக்குக் காது கேக்குது," என்றாள். பிறகு அண்ணியைக் கூப்பிடச் சொல்லி, ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்டாள்.

ஜனவரியில் பெவர்லிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்க்கும் தைராய்டு பரிசோதனையும் சரியாக இருந்தது. பிள்ளையின் சுரப்பி நன்றாக வேலை செய்கிறது, வளர்ச்சியை மாதாமாதம் பார்ப்போம், இப்போதைக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று வார்டில் ஒரு டாக்டர் சொன்னார். இளைத்த, களைத்த, நல்ல மனிதர். வீட்டுக்குப் போகும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வேறு ஏதாவது கேட்கணுமா?" என்றார்.

கிளிஃபர்ட் பெவர்லியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். "டாக்டர், மூணு வருஷத்துக்கு முன்னால..." என்று தொடங்கினான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, தானே கேட்டாள். மூன்று வாரம் மாத்திரை போடாததை மறைக்காமல் சொல்லி, அதனால்தான் போனதா என்று கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "தெரியாது," என்றார். "அந்த வாரங்களில் போவதில் பாதிக்குக் கிட்டவோ, அதற்கு மேலுமோ கருவிலேயே கோளாறு இருக்கும். அம்மா என்ன செய்திருந்தாலும் நின்றிருக்காது. தைராய்டு குறைந்தால் ஆபத்து கொஞ்சம் கூடும், அதுவும் உண்மை. உங்களுடையது எதனால் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது."

"எப்படியும் கண்டுபிடிக்க முடியாதா?"

"முடியாது புவான்."

ஆமாம் என்ற பதிலுக்கு அவள் மூன்று வருடம் பயந்திருந்தாள். இல்லை என்ற பதிலுக்கு மூன்று வருடம் ஏங்கியிருந்தாள். இப்படியும் ஒரு பதில் இருக்கும் என்று, இத்தனை கேள்வி கேட்கிறவளுக்குத் தோன்றவே இல்லை. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போன பிறகு வாய்விட்டு அழுதாள். அந்தச் சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு தானும் சேர்ந்து அழுதது. அதை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள்.

கிளிஃபர்ட் நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்து உட்கார்ந்தான். பிள்ளையின் பாதத்தை விரலால் தொட்டான்.

"மொதல்ல போச்சே, அதுக்கு ஏதாவது பேர் வெச்சிருந்தியா பெவ்?" என்று கேட்டான்.

வைத்திருந்தாள். சொன்னாள். அவன் வைத்திருந்தது வேறு பெயர்.